மணற்கிணறும் உவர்க்குழியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அகப்பொருள் இலக்கணம் ஐந்திணைக்கும் கருப்பொருள் வகுக்கும்போது ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய நீரையும் எண்ணி வைக்கிறது. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் கான்யாறு, மருதத்துக்கு ஆறும் மனைக்கிணறும் பொய்கையும். நெய்தலுக்கு வரும்போது இரண்டு நீர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: மணற்கிணறு, உவர்க்குழி. தேர்வுக்குப் படிப்போர் இதனைப் பட்டியலாக மனனம் செய்து கடந்துவிடுவர். உரையாசிரியர்களும் இவ்விரண்டும் ஏன் ஒருங்கு வைக்கப்பட்டன என்று வினவி நின்றதாகத் தெரியவில்லை. கடலோரத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்த வினாவே எழாது. ஓரிடத்தில் தோண்டினால் குடிக்கலாம். சில முழம் தள்ளித் தோண்டினால் வாயில் வைக்க இயலாது. ஒரே இடத்திலும் ஓரளவுக்குத் தோண்டினால் நன்னீர், ஆசைப்பட்டு இன்னும் தோண்டினால் உவர். நெய்தல் நில வாழ்வின் அடிப்படை அறிவு முழுவதையும் இலக்கணம் இரண்டு சொற்களில் வைத்துவிட்டது.

அந்த இரண்டு சொற்களுக்கும் இன்றுவரை உயிருள்ள உரையாக விளங்குவது யாழ்ப்பாணத்துத் தீவகம். நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு, வேலணைத்தீவு, காரைநகர் என ஏழாக எண்ணப்படுவன. மண்டைதீவையும் சேர்த்துச் சொல்வாருண்டு. இவற்றில் எதிலும் ஆறு இல்லை, மலை இல்லை, சுனை இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு வரும் மழையே ஆண்டு முழுமைக்குமான முதல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆண்டு மழை சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவினது. நெடுந்தீவு போன்ற புறத்தீவுகளில் அதனினும் குறைவு. பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் கரையோர மணலிலும் இறங்கி, அடியிலே பரந்திருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது, உவர்நீர் எடை கூடியது. ஆதலால் மேலது மேலும் கீழது கீழுமாக நிற்கின்றன. தீவின் நடுவில் தடித்தும் கரையை நெருங்க நெருங்க மெலிந்தும் இருக்கும் இந்த நீர்ப்படையை அறிவியலார் வில்லை என்பர். மூக்குக்கண்ணாடியின் வில்லையை மனத்திற்கொண்டால் வடிவம் விளங்கும்.

இந்த உண்மைக்குக் கணக்கு எழுதியவர்களுள் ஒருவர் பாடொன் கைபன் என்னும் ஒல்லாந்து இராணுவப் பொறியியலாளர். 1889இல் வெளியான அவரது குறிப்பு அம்ஸ்ரடாம் நகருக்கருகே கிணறு தோண்டுவது பற்றியது. 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியர், வடகடலின் சிறு தீவுகளுக்குக் குடிநீர் தேடப் போய், அவரை அறியாமலே அதே முடிவுக்கு வந்தார். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது அவர்களின் கணக்கு. வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணக்கல் நிலத்தில் இக்கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. இரு நீரும் கலந்த ஓர் இடைப்படை அங்கே உண்டு. எனினும் அக்கணக்கின் மறுதலைதான் அச்சந்தருவது. மேலே ஓரடி நீரை இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து உவர்நீர் நாற்பது அடி எழும்பத் தலைப்படும். கொடுத்து வாங்கும் வாணிகத்தில் இத்தகைய வட்டியை எந்தச் செட்டியும் கேட்டதில்லை.

நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் வேலணைத்தீவுக்கு லைடன் என்றும் தம் ஊர்ப்பெயர்களை இட்டுச் சென்றவர்கள் ஒல்லாந்தர் என்பதை அவையோர் அறிவர். அவர்கள் ஆண்ட தீவுகளின் நீருக்கு இலக்கணம் எழுதியவரும் அவர்கள் நாட்டவராகவே அமைந்தது வரலாற்றின் வேடிக்கை. ஆனால் அக்கணக்கு எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே தீவக மக்கள் அதனைக் கைப்பழக்கமாக அறிந்திருந்தனர். கணக்கின்றி அறிந்தவற்றை மறப்பதும் எளிது என்பதால் அவற்றைச் சற்று விரித்துச் சொல்வது தகும்.

முதலில் சொற்கள். நல்ல தண்ணீர், சவர்த் தண்ணீர் என்ற பெரும் பிரிவுக்குள்ளே, குடிக்கக்கூடியது, சமையலுக்கு ஆவது, குளிக்கவும் தோய்க்கவும் மட்டும் ஆவது, மாட்டுக்கு ஆவது, தென்னைக்கு ஆவது, எதற்கும் ஆகாதது என்று நீரைத் தரம் பிரித்து வழங்கினர். கிணறு வேறு, கேணி வேறு, துரவு வேறு, குளம் வேறு. கிழக்குக் கரையில் மணலில் ஆழமின்றித் தோண்டுவது பூவல். சங்க நூல்களின் கூவல் என்ற சொல்லை அடுத்து வைத்துப் பார்க்கத் தூண்டும் சொல் அது. பிறிதோரிடத்துப் பேச்சுத்தமிழில் தண்ணீர் என்ற ஒரு சொல்லால் முடிந்துபோவது, தீவகத்தில் ஒரு சொற்றொகுதியாக நிற்கிறது. சொற்கள் பலவாயிருப்பது பொருள் அரிதாயிருப்பதன் அடையாளம்.

அடுத்து, துலா. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் கிணற்றடியில் நின்று பனையோலைப் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, ஒருவர் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற, விடிவதற்கு முன்னே தொடங்கும் இறைப்பு வெயில் ஏறுமுன் நின்றுவிடும். மனிதன் களைத்தான், ஆகவே நின்றது. அவன் களைத்துக் கிடந்த நேரத்தில் கிணறு ஊறியது. நீரை எவ்வளவு எடுக்கலாம் என்ற அளவு சட்டத்திலோ சாத்திரத்திலோ எழுதப்படவில்லை. இறைப்பவனின் காலிலும் தோளிலும் எழுதப்பட்டிருந்தது. அரைநூற்றாண்டுக்கு முன் மண்ணெண்ணெயில் இயங்கும் இறைப்பு இயந்திரங்கள் பரவியபோது துலாவின் கொடிய உழைப்பிலிருந்து மக்கள் விடுதலை பெற்றனர். அந்த விடுதலையைக் குறை கூறுவோர் துலா மிதித்து அறியாதவர்கள். ஆயினும் இயந்திரம் களைப்பதில்லை. கிணற்றின் அடியிலே உவர் கூம்புபோல எழும்பி வாய்க்காலில் வந்து பாத்தியில் வெள்ளை பூத்த பின்னரே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்தது. குடாநாட்டின் புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கேணி இதனை எவருக்கும் காட்டும்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர், அளவோடு இறைத்தால் தோட்டத்துக்கு ஆகும், அளவு மீறினால் உப்பு மேலேறும். வற்றாத கேணி என்று அதனைப் போற்றுவோர் பலர். வற்றாமை நன்மையாமை அன்று என்பதை அக்கேணியே சொல்லிக்கொண்டிருக்கிறது.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளை மூடியபோதும் இதே பாடம் திரும்ப வந்தது. உதவ வந்தவர்கள் நன்மனத்தோடு கிணறுகளை விரைவாக இறைத்துத் துப்புரவு செய்தனர். பல இடங்களில் உப்புக் குறையவில்லை, கீழிருந்து கூடியது. மழையை எதிர்பார்த்து விட்டுவைத்த கிணறுகளே மெல்லத் தேறின.

மூன்றாவது, நிலத்தின் மேற்பரப்பு. தீவகக் கிராமம் என்றதும் கவிஞர்களின் நெஞ்சில் எழுவன பனங்கூடல், வடலி, ஒழுங்கை, கிடுகு வேலி, கதியாலில் துளிர்த்த பூவரசு, நெடுந்தீவாயின் முருகைக்கல்லைச் சாந்தின்றி அடுக்கிய கல்வேலி, பரந்த தரவையில் மேயும் குதிரைகள் ஆகியன. இவை அழகுக்காகப் பாடப்படுகின்றன. அவற்றின் தொழிலையும் அறிந்து பாடினால் பாட்டு இன்னும் ஆழப்படும். கல்வேலி கடற்காற்றின் வேகத்தைத் தணித்து மண்ணைக் காக்கிறது. நீர் ஓடும்போது தடுத்து நிறுத்தாமல் கல்லிடுக்கால் வழிவிடுகிறது. சீமெந்து மதில் அவ்வாறு வழிவிடாது. ஒழுங்கை மண்ணாக இருக்கும்வரை அதுவும் ஒரு நீர் உறிஞ்சி. தரவை வெறுந்தரையன்று, மாரியில் நீர் தேங்கி நின்று இறங்கும் இடம். குடாநாட்டிலும் தீவுகளிலுமாக ஏறத்தாழ ஆயிரம் சிறு குளங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. இவை நீரைச் சேமித்துப் பாய்ச்சுவதற்கான வன்னிக் குளங்கள் போன்றன அல்ல. நீரை நிலத்துக்குள் இறக்குவதற்காக இருப்பவை. கோடையில் வற்றிக் கிடப்பதனால் பயனற்ற பள்ளம் என்று கருதிக் குப்பை கொட்டித் தூர்த்தவர்கள், குளம் வற்றியதன் பொருள் அயற்கிணறு நிறைந்தது என்பதை எண்ணவில்லை. கேணி, ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி என்ற மூன்றும் ஒருசேர நின்ற தெருவோரங்கள் அருகிவருகின்றன. மனிதனுக்கும் மாட்டுக்கும் தலைச்சுமைக்கும் ஒரே இடத்தில் இளைப்பாறுதல் வைத்த அந்த ஏற்பாட்டைக் கண்டு எழுதிய கவிதைகள் எத்தனை?

இவ்வளவும் சொன்ன பின், கிராமத்தின் தன்மையைக் காக்க வேண்டும் என்று முழங்கி உரையை முடித்துவிடுவது எளிது. அவ்வாறு முடிப்பது நேர்மையாகாது. அந்தக் கிராமத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு எல்லோருக்கும் நல்ல தண்ணீர்க் கிணறாக இருக்கவில்லை. குடாநாட்டிலும் தீவகத்திலும் சாதியின் பெயரால் ஒரு பகுதி மக்கள் கிணற்றுக் கட்டில் ஏறத் தடுக்கப்பட்டனர். குடத்தை வைத்துவிட்டு, அள்ளி ஊற்ற ஒருவர் இரங்கி வரும்வரை வெயிலில் காத்து நின்றனர். டொமினிக் ஜீவாவின் சிறுகதைத் தொகுதிக்குத் தண்ணீரும் கண்ணீரும் என்றும், கே. டானியலின் நாவலொன்றுக்குத் தண்ணீர் என்றும் பெயர் அமைந்தது தற்செயலன்று. ஈழத்து இலக்கியத்தில் தண்ணீர் என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தக் காத்து நிற்றல் இருக்கிறது.

புங்குடுதீவின் மு. தளையசிங்கத்தை இவ்வட்டத்தில் படிக்காதவர் இல்லை. ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி, போர்ப்பறை, மெய்யுள் ஆகியவற்றின் ஆசிரியராகவே அவரை விவாதிப்பது வழக்கம். அவரது மெய்முதல்வாதம் பற்றி ஒப்பியும் மறுத்தும் பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. அவரது வாழ்வின் இறுதிப் பகுதி ஒரு கிணற்றோடு தொடர்புடையது என்பது அக்கட்டுரைகளில் ஒரு வரியாகக் கடந்துபோகும். தம் தீவிலே, ஆலயச் சூழலில் இருந்த நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் அவர் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். கைதானார், தாக்கப்பட்டார், உடல்நலம் குன்றினார். 1973இல், நாற்பது வயதை எட்டாமலே மறைந்தார். பேருண்மை பற்றிப் பெரும் நூல் எழுதிய ஒருவர் அதனைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்த இடம் ஒரு கிணற்றுக்கட்டு. அவர் தத்துவத்தை ஏற்காதவர்களும் அந்தத் தேர்வின் முன் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

நிலத்தடி நீரின் இயல்பை அறிந்த கண்ணோடு அந்நிகழ்ச்சியை மறுபடி நோக்கினால், தீண்டாமையின் கொடுமையோடு அதன் அறியாமையும் வெளிப்படும். தீவுக்கு ஒரே நீர். வில்லைக்கு வேலி கிடையாது. கிணற்றுக்கட்டு ஒருவருடையதாக இருக்கலாம். கட்டின் கீழே ஊறுவது அயலவர் வளவில் விழுந்த மழை, தடுக்கப்பட்டவரின் குடிசைக் கூரையிலிருந்து சொட்டிய மழையும் அதில் கலந்தது. அவர்களின் மழையை அடியில் வாங்கிக்கொண்டு, அதே நீரை மேலே மறுத்த ஒரு சமுதாயம் தன்னைக் கட்டுப்பாடான கிராமம் என்று சொல்லிக்கொண்டது. ஆதலால் கிராமத் தன்மையைக் காத்தல் என்ற சொற்றொடரை எடுத்தாளும் ஒவ்வொருவரும் எதனைக் காத்தல் என்ற வினாவுக்கு விடை சொல்லியே மேற்செல்ல வேண்டும். துலாவின் அளவும் குளத்தின் அடக்கமும் கல்வேலியின் வழிவிடுதலும் காக்கத்தக்கன. கிணற்றுக்கட்டின் காவல் காக்கத்தக்கதன்று.

இவ்விடத்தில் மணிமேகலை நினைவுக்கு வருவது இயல்பு. காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்ளும் ஆய்வாளர் உளர், மறுப்பாரும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது இவ்வுரையின் நோக்கமன்று. தீவில் ஒரு பொய்கை, அதன் பெயர் கோமுகி, அதிலிருந்து வைகாசி முழுநிலா நாளில் அமுதசுரபி எழுகிறது என்பது கதை. பாத்திரம் அங்கே எவ்வாறு சென்றது என்பதே கருதத்தக்கது. ஆபுத்திரன் ஏறிச்சென்ற மரக்கலம் அவனை அத்தீவில் விட்டுச் செல்கிறது. கையில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் உண்டு. உண்பிக்க ஆள் இல்லை. தனியொருவன் வயிற்றை நிரப்ப அதனை வைத்துக்கொள்ள உடன்படாமல், ஆண்டுக்கொருமுறை வெளிப்படுக என்று பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். சாத்தனார் அப்பாத்திரத்தை மண்ணில் புதைக்கவில்லை, மரப்பொந்தில் மறைக்கவில்லை. தீவின் நீரில் வைத்தார். ஆண்டுக்கொருமுறை மட்டுமே எழும் என்ற கட்டுப்பாட்டையும் உடன் வைத்தார். பகிராதவனுக்குப் பயனில்லை, பருவம் அறியாதவனுக்குக் கிட்டாது என்ற இரண்டு நிபந்தனைகளும் தீவின் கிணற்றுக்கும் உரியவை.

போரின் கதை தனியே பேசத்தக்கது. ஈண்டு நீரோடு தொடர்புடைய அளவில் நிற்கலாம். 1990களின் தொடக்கத்தில் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் கடல்கடந்து போயினர், திரும்பியோர் சிலரே. நெடுந்தீவின் இன்றைய குடித்தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு. இறைப்பாரின்றிக் கிடந்த கிணறுகளில் சில இடிந்தன. துப்புரவு செய்வாரின்றிக் குளங்கள் மேடாகின. ஆள் குறைந்தால் நீர் கூடும் என்று நினைப்பது பிழை. கிணறு ஆளப்பட்டால்தான் கிணறு. குளத்தின் வாய்க்காலை ஆண்டுதோறும் வெட்டிவிடும் கை இல்லையெனில் மழை நேரே கடலுக்குப் போகிறது.

போர் ஓய்ந்தபின் வேறொரு மாற்றம் வந்தது. புலம்பெயர்ந்தோர் தம் ஊரை மறக்கவில்லை. மறக்காமையின் அடையாளமாக வீடு கட்டினர், மதில் எழுப்பினர், கோயில் வீதிக்குக் கல் பதித்தனர். ஆண்டில் ஒரு திருவிழாவுக்கு வந்து தங்கும் வீட்டுக்கு மேல்மாடித் தொட்டி, ஐந்தாறு குளியலறை, முற்றம் முழுவதும் சீமெந்து. கிணற்றுக்கு இருபது முழத்துக்குள்ளே மலக்குழி. மண்ணும் பாறையும் வடிகட்டும் தன்மை குறைந்த சுண்ணக்கல் நிலத்தில் மலக்குழியின் கசிவு கிணற்றைச் சேர அதிக காலம் எடுப்பதில்லை. நல்ல நீர் ஆழத்தில் இருக்கும் என்ற தலைநிலத்து நம்பிக்கையோடு குழாய்க்கிணறு துளைக்கப்படுகிறது. தீவில் ஆழத்தில் இருப்பது கடல். அன்பினால் செய்யப்படும் தீங்கை எடுத்துச் சொல்வது கடினம். ஊரவர் சொல்லத் தயங்குகின்றனர். அனுப்பியவர் மனம் நோகும் என்பது ஒன்று, அடுத்த உதவி நின்றுவிடும் என்பது மற்றொன்று. கவிஞர்களுக்கு அத்தகைய தயக்கம் வேண்டியதில்லை. ஊரை நினைந்து ஏங்கும் கவிதைகள் புலம்பெயர் இலக்கியத்தில் நிறைய உண்டு. ஊரில் கட்டிய மதிலைப் பற்றி ஒன்று எழுதப்பட்டால் அது வரவேற்கத்தக்கது.

தலைநிலத்தில் நிகழ்ந்தவையும் எச்சரிக்கின்றன. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டின. சுன்னாகத்தில் மின்நிலையச் சூழலிலிருந்து கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019இல் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. பணம் கொடுக்கலாம், பாறை வெடிப்பில் இறங்கிய எண்ணெயைத் திருப்பி எடுக்க நீதிமன்றத்தால் இயலாது.

இதற்கெல்லாம் விடை கடல்நீரைக் குடிநீராக்குவது என்பர். இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நீர் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் தம் வயல்களை எண்ணி எதிர்த்தபின், வடமராட்சி கிழக்கின் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் நிலையம் அமைந்து 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. தீவுகளிலும் உவர்நீரைச் சுத்திகரிக்கும் சிறு நிலையங்கள் வந்துள்ளன. குடத்தோடு மைல்கணக்கில் நடந்த பெண்களுக்கு இவை வரமே, அதில் ஐயமில்லை. ஆயினும் மாலைதீவின் தலைநகரான மாலேயின் கதையை உடன்வைத்துப் பார்க்க வேண்டும். அச்சிறு தீவின் நன்னீர் வில்லை மக்கட்பெருக்கத்தால் இறைத்துத் தீர்க்கப்பட்டது. 1988 முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பே கதியாயிற்று. 2014 டிசம்பரில் அந்நிலையத்தில் தீப்பற்றியபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் ஒரேநாளில் குடிநீரின்றி நின்றனர். இந்தியா விமானத்தில் நீர் அனுப்ப வேண்டியிருந்தது. கிணறு இருந்திருந்தால் கிணற்றுக்குப் போயிருப்பர். இயந்திரம் கிணற்றுக்குத் துணையாக வரலாம். கிணற்றைக் கெடுப்பதற்கான அனுமதிச்சீட்டாக வரலாகாது.

மின்சாரமும் அவ்வாறே. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றிலும் சூரியஒளியும் காற்றும் கொண்டு மின் பிறப்பிக்கும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. விளக்கு எரியும், பிள்ளைகள் படிப்பர், மருந்து கெடாமல் இருக்கும். அதே மின் இரவும் பகலும் நீர்மோட்டாரை இயக்கும். எண்ணெய் விலையாவது ஒரு கட்டுப்பாடாக இருந்தது, வெயில் இலவசம். துலாவின் காலம்வரை உடம்பில் இருந்த அளவு, எண்ணெயின் காலத்தில் பணப்பையில் இருந்தது. இனி அது எங்கே இருக்கப்போகிறது என்பதைத் தீவு மக்கள் ஊர்கூடிப் பேசித்தான் வைக்க வேண்டும்: எவ்வளவு நேரம் இறைப்பது, எங்கே துளைக்கலாகாது, எந்தத் தரவையை எவருக்கும் விற்பதில்லை, மணலை எங்கே அள்ளக்கூடாது என்பன. வேலணையின் சாட்டி மணற்பரப்புக் கிணறுகள் அயலூர்களுக்கும் நீர் ஊட்டியவை. அம்மணல் கட்டடப் பொருளாக மட்டும் எண்ணப்படுமாயின் இலக்கணம் சொன்ன மணற்கிணறு நூலில் மட்டும் மிஞ்சும். நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது குதிரைகளுக்கு ஒரு காப்பு. வறட்சி ஆண்டுகளில் அக்குதிரைகள் நீரின்றி வீழ்ந்த செய்திகளைப் படித்தவர்கள், எல்லைக்கோடு மட்டும் தாகம் தீர்க்காது என்பதையும் அறிவர். மண்டைதீவில் 2025 செப்டம்பரில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்குப் பணி தொடங்கப்பெற்றபோது, சதுப்புநிலமும் வெள்ளவாய்க்காலும் என்னாகும் என்ற வினா எழுந்தது. வினா எழுந்ததே நல்ல அறிகுறி. முன்னைய காலமாயின் கைதட்டல் மட்டுமே கேட்டிருக்கும்.

இலக்கிய வட்டம் ஒன்று இதில் செய்யக்கூடியது என்ன என்று கேட்கலாம். பொறியியலாளரின் வேலையைக் கவிஞர் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பொறியியலாளரால் செய்யவியலாத ஒன்றுண்டு. ஒவ்வொரு தீவிலும் கிணறுகளுக்குப் பெயர் உண்டு. தோண்டியவர் பெயரால், மரத்தின் பெயரால், தெய்வத்தின் பெயரால். எந்தக் கிணறு எந்த மாதம்வரை இனிக்கும், எது பங்குனியில் சவர்க்கும், எதில் யார் அள்ளலாகாது என்று ஒருகாலத்தில் இருந்தது, எப்போது அது உடைந்தது என்பனவெல்லாம் எண்பது வயதைக் கடந்த சில நாவுகளில் மட்டும் இருக்கின்றன. அந்த நாவுகளுட் பல இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கின்றன. வ. ஐ. ச. ஜெயபாலன் நெடுந்தீவு ஆச்சிக்கு என்று ஒரு கவிதை எழுதியதை அவையோர் அறிவர். ஆச்சிகளைப் பாடியாயிற்று, ஆச்சிகளைக் கேட்டு எழுதும் வேலை எஞ்சியிருக்கிறது. வட்டம் தன் பதினொன்றாம் ஆண்டில் தீவுக்கு ஒரு குறிப்பேடாகத் தொடங்கினால், கிணற்றுக்கு ஒரு பக்கம் போதும். அப்பக்கத்தில் விலக்கப்பட்டவர் சொல்லும் கதைக்கும் விலக்கியவர் வீட்டார் சொல்லும் கதைக்கும் இடம் வேண்டும். நீரின் உப்பளவை எடுத்துத்தர அயற்பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் உதவுவார். அதற்கான சிறு கருவி சட்டைப்பையில் அடங்குவது.

ஐப்பசியில் தொடங்குவது நல்லது. முதல் மழையின்போது தீவக வீடுகளில் தாழ்வாரத்தின் கீழே பாத்திரம் வைப்பதில்லை. கூரைத்தூசி கழியட்டும் என்று அம்மழையை மண்ணுக்கு விட்டுவிடுவர். குடமும் கிடாரமும் வெளியே வருவது இரண்டாம் மழைக்கு.